பாம்பன் தம்பிக்கு: அப்பாவின் பக்கவாதமும் உங்கள் வீட்டுப் பிரஷரும்

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 53 வயது, நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஐந்து வாரத்துக்கு முன் விடியக்காலையில் கடலிலிருந்து வலையை இழுத்துப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வலது கை தளர்ந்து, வாய் கோணிவிட்டது. "காத்து அடிச்சிருக்கும்" என்று படகிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். கரைக்கு வந்ததும் புறா ரத்தம் தேய்த்துவிட்டு, மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். வலது கை, கால் சரியாக வரவில்லை, பேச்சும் குழறுகிறது. பழையபடி நடப்பாரா, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது, சித்தப்பாவுக்கும் தனக்கும் பிரஷர் இருப்பதால் இது தங்களுக்கும் வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கிறார். "அன்னைக்கே கூட்டிப்போயிருந்தா தேறியிருப்பாராக்கா" என்று கடைசியில் ஒரு வரி.

தம்பி, அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்க்கிறவள் நான். நான் பார்த்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றன. சீக்கிரம் போயிருந்தால் நல்லது நடந்திருக்க வாய்ப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு அது தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், ஐந்து வாரம்தான் ஆகியிருக்கிறது. கை, கால் அதிகமாகத் தேறுவது முதல் மூன்று மாதத்தில்தான். அதில் பெரும்பகுதி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. நடந்ததை நினைத்து அழுவதில் இந்த நாட்களைக் கரைத்துவிடாதீர்கள்.

நடப்பாரா? வந்து பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு விதத்தில் நடந்துவிடுகிறார்கள், சிலர் கோலோடு, சிலர் காலைச் சற்று இழுத்து. பொதுவாகக் கால்தான் முதலில் தேறும். தோளும் முழங்கையும் அதற்குப் பிறகு, விரல்கள் கடைசியில். கால் வந்துவிட்டது, கை வரவில்லையே என்று மூன்றாம் மாதத்தில் மனசு விட்டு, பயிற்சியை நிறுத்திவிடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் கை நிஜமாகவே கெட்டுப்போகிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் கதவு மூடிவிடாது.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது, அல்லது வெடித்துக் கசிந்தது. அடைப்புதான் அதிகம் பேருக்கு வருவது. மூளையின் இடது பக்கம் உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது. பேச்சின் இடமும் பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம்தான். அதனால்தான் அப்பாவுக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் சேர்ந்து போனது. கையிலும் காலிலும் ஒரு பழுதும் இல்லை, அவற்றுக்குச் சொல்லி அனுப்புகிற இடத்தில்தான் பழுது. தோலில் தேய்க்கிற எதுவும் அங்கே போய்ச் சேராது, புறா ரத்தமும் அப்படித்தான். முதல் சில நாட்களில் சிலருக்குத் தானாகவே கொஞ்சம் தேறும், அந்தப் பெயரைப் புறா வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

இனி வீட்டுப் பராமரிப்பு. நான் அதிகம் கவலைப்படுவது வலது தோளுக்காக. அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது அந்த வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்திருப்பதால் தோள் மூட்டு இறங்கிவிடும். அதற்குப் பிறகு வரும் வலியில் பயிற்சியையே வெறுத்துவிடுவார். முதுகுக்குப் பின்னால், இடுப்பருகில் கை கொடுத்துத் தூக்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தொங்கக்கூடாது, மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கிடக்கட்டும். சொந்தக்காரர்கள் பார்க்க வரும்போது பாசத்தில் அந்தக் கையைத்தான் பிடித்து இழுப்பார்கள். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

படுக்கையிலேயே அதிக நேரம் இருக்கிறார் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பு, வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். அழுத்தி விட்டபிறகும் சிவப்பு மாறவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஐந்து வாரம் ஆனவர் படுக்கையில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் எண்ணம். பிசியோ பார்ப்பவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர, சாப்பாட்டு நேரத்துக்காவது எழுப்பி உட்கார வையுங்கள்.

சாப்பாடு. நீங்கள் கஞ்சி ஊட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, சாப்பிட்டபின் குரல் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் தண்ணீர், டீ, நீர்த்த கஞ்சி எல்லாம் மூச்சுக்குழாயில் இறங்கிக்கொண்டிருக்கலாம், அதிலிருந்து நிமோனியா வரலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை கூழ் பதத்தில், நன்றாக நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னக் கரண்டியால், ஒரு வாய் இறங்கின பிறகு அடுத்தது. படுத்த நிலையில் ஒரு சொட்டும் கூடாது. சாப்பிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேச வராதவருக்குப் புத்தி மங்கிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அவர் எதிரிலேயே "இனி இவரை வச்சு என்ன பண்றது" என்று பேசுகிற வீடுகள் உண்டு. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் பேசுவது புரிந்துகொண்டிருக்கலாம், பதில்தான் வெளியே வரவில்லை. கேள்வியைச் சுருக்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். "சோறா, இட்லியா?" என்று கேட்டு இரண்டையும் காட்டுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள். யோசித்துப் பேச முடியாதவர்களுக்கும் பழகின வரிசைகள் தானாக வரும். ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள், சின்ன வயதில் படித்த ஜெபம், பாட்டு. கீழக்கரைப் பக்கம் ஒரு பெரியவர், பேரன் பெயர் வராமல் தவித்தவர், "வாடை, கொண்டல்" என்று நான் ஆரம்பித்ததும் "சோழகம், கச்சான்" என்று முடித்தார். சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது அவருக்கே தெரிந்தது. அவர் மனைவி அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தார். அந்த நான்கு காற்றின் பெயரில் தொடங்கித்தான் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தோம். உங்கள் அப்பாவுக்கும் செய்து பாருங்கள்.

கைக்கும் அதே வழிதான். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் மீனவர்கள் பத்து நாளில் அலுத்துவிடுவார்கள். வலை ஊசியையும் நூலையும் கொடுத்தால் கை ஒரு மாதிரி அசையும். பழகின வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் மூளை புது வழி பிடிக்க உதவுகிறது. இது நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை, பிசியோதெரபியில் ஏற்றுக்கொண்ட முறை. முதலில் வலது கையால் வலையைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும், இடது கை வேலை செய்யட்டும். பிறகு மிதப்பை எடுத்து வைப்பது, கயிற்றைச் சுருட்டுவது. ஒரு நாளில் நாலைந்து தடவை, தடவைக்குக் கால்மணி நேரம், சோர்ந்தால் நிறுத்திவிடலாம்.

காரணமில்லாமல் அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூளை பாதிப்பே அப்படி அழவைக்கலாம், மனச்சோர்வும் வரலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்து உண்டு. அடுத்த முறை டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மாவையும் பாருங்கள். இரவெல்லாம் விழித்திருந்து பகலில் மீன் கூடை சுமக்கிற பெண்கள் ஆறு மாதத்தில் விழுந்துவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி நீங்களோ சித்தப்பாவோ அப்பா பக்கத்தில் படுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். அங்கே சரியான பதில் இல்லை என்றால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் இப்போதே எடுத்து வையுங்கள். நிலைமை ஓரளவு நிலைத்தபின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம், 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருக்க வேண்டும்.

இனி உங்களுக்கும் சித்தப்பாவுக்கும். இங்கேதான் நான் அதிகம் பேச வேண்டும்.

"திடீர்னு வந்திருச்சு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாய் கோணியது திடீரென்றுதான். ஆனால் அதற்கு முன் பல வருஷமாக ரத்தக்குழாய் பிரஷரில் அடி வாங்கிக்கொண்டே இருந்திருக்கும். பக்கவாதத்துக்கான காரணங்களில் முதல் இடம் பிரஷருக்குத்தான். அது வலிக்காது. தலைவலி வந்தால்தான் பிரஷர் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். 180 இருப்பவர் சிரித்துக்கொண்டே ஐஸ் பெட்டி தூக்குவார்.

தங்கச்சிமடம் பக்கம் ஒருவர், 48 வயது. இரண்டாவது தடவை பக்கவாதம் வந்து படுத்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை லேசாக வந்து முழுக்கத் தேறியவர். மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டேன். அவர் மனைவி எழுந்துபோய் சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்தார். பிரஷர் மாத்திரை நாலு அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மாசாமாசம் வாங்கியிருக்கிறார், போடவில்லை. "நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லுவாக" என்றார் அந்த அம்மா. முதல் தடவை போனதைத் திரும்பக் கொண்டுவந்த உடம்பு இரண்டாவது தடவை கொண்டுவரவில்லை. பக்கவாதம் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முதல் தடவை இல்லை.

அவரைத் திட்டிப் பயனில்லை. கடல் தொழிலில் மாத்திரை போடுவது நிஜமாகவே சிரமம். நீர் பிரியவைக்கும் மாத்திரையைப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க வல்லத்தில் அலைகிறவர் படும் பாடு எனக்குத் தெரியும். சில மாத்திரைக்குக் கால் வீங்கும், சிலதுக்கு வறட்டு இருமல் வரும். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லாமல், தானே நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார், வகை நிறைய இருக்கிறது. காலையில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. கரையில் இருக்கிற நேரம் எதுவோ, தினமும் அதே நேரம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போனால் அதைச் சொல்லிக் கூடுதல் நாளுக்கு வாங்கி, தண்ணி படாத டப்பாவில் போட்டுப் படகிலும் ஒன்று வையுங்கள். சுகர் மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் கவனம். சாப்பிடாமல் சில வகை சுகர் மாத்திரையைப் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். கடலில் சாப்பாட்டு நேரம் மாறும் என்பதை முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா ஒரு தடவை பார்த்ததில் 150 இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது பார்த்தார்? மீன் இறக்கிவிட்டு, டீயும் பீடியும் முடித்த கையோடு பார்த்தால் யாருக்கும் கூடத்தான் காட்டும். அரைமணி நேரம் டீ, பீடி இல்லாமல், ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி வைத்து இரண்டு தடவை பாருங்கள். இப்படிப் பல நாள் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அது பிரஷர்தான். பார்க்கிறவரிடம் நாடித்துடிப்பு சீராக இருக்கிறதா என்றும் கேளுங்கள். தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய் அடைக்கும், அதற்கு மருந்து வேறு.

நேரமில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், இழுவைப் படகுகள் கரையில் நிற்கும். படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். அந்த மாதங்களில் பிரஷர், சுகர், கொழுப்பு, சிறுநீரில் புரதம் நான்கையும் பார்த்து, மாத்திரை தொடங்கி, அளவு சரிப்படுத்தி முடித்துவிடலாம். படகு முதலாளிகளான சம்மாட்டிகள் நினைத்தால் தங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் கூட்டிப்போகலாம். நீங்கள் நாட்டுப்படகு, உங்களுக்குத் தடை இல்லை. வாடைக் காற்றில் போக முடியாத நாட்கள் வருமே, அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். அவர்கள் பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் பார்த்ததே இல்லை என்பார்கள்.

உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. நம் வீட்டில் கஞ்சிக்கு உப்பு, தொட்டுக்கக் கருவாடு, மேலே ஊறுகாய். காலையிலேயே அளவு தாண்டிவிடும். கருவாட்டை விடச் சொல்லிக் கேட்கிற ஊர் இது இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஆக்குங்கள். வெந்நீரில் அரைமணி ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம். ஊறப்போட்டாலும் உப்பு முழுக்கப் போகாது, அதனால்தான் வாரம் ஒரு நாள் என்கிறேன். வேர்க்கிற தொழில், உப்பு வேணும் என்பார் சித்தப்பா. வேர்வைக்குத் தண்ணீர்தான் அதிகம் வேண்டும், உப்பு சாப்பாட்டிலேயே இருக்கிறது. நல்ல மீன் தினமும் கிடைக்கிற வீட்டில் கருவாடு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

பீடி, வாயில் ஒதுக்கும் போயிலை, கரைக்கு வந்ததும் மொத்தமாகக் குடிப்பது. மூன்றும் இதே குழாயைத்தான் கெடுக்கின்றன. புகையை விட்டு இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் பக்கவாத ஆபத்து நன்றாக இறங்கிவிடும். உங்களுக்கு வயது 26 என்கிறீர்கள், விட்டுவிடுங்கள் தம்பி.

கடைசியாக, கடலில் இன்னொரு முறை யாருக்காவது வந்தால். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? திடீரென்று கண் மங்குவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும் கூட இதுதான். இதில் ஒன்று இருந்தாலே மணி பாருங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசி அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் சிடி ஸ்கேன் பார்த்து ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், பாலம் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை இன்னொரு இரண்டு மணி நேரம். கடலில் போகும் நேரம் போக உங்கள் கையில் இருப்பது ரொம்பக் கொஞ்சம். வலையை இழுத்து முடிக்கக் காத்திருக்காதீர்கள். தேவைப்பட்டால் மிதப்போடு விட்டுவிட்டு வாருங்கள், வலையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். டவர் கிடைத்ததும் 108-ஐக் கூப்பிட்டு நீங்கள் கரையேறும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள். "பக்கவாதம் மாதிரி இருக்கு, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று சொன்னால் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோகக் கேட்கலாம். தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படை எண் 1554. அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீர், சோடா, சர்க்கரைத் தண்ணீர், மாத்திரை, எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். ஹார்ட் அட்டாக்குக்குக் கொடுக்கிற ஆஸ்பிரினையும் கொடுக்காதீர்கள். உள்ளே கசிவாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிய அடைப்பு அடுத்த இரண்டு நாளில் வரும் ஆபத்து அதிகம். அப்பாவுக்கு முன்பு எப்போதாவது கை மரத்துப்போய்ச் சரியானது உண்டா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் அப்பாவின் மருந்துச் சீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது, சித்தப்பாவுக்கும் உங்களுக்கும் நான் சொன்ன முறையில் பார்த்தால் பிரஷர் எவ்வளவு, அப்பா தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, இந்த மூன்றையும் எழுதுங்கள். இருமுகிறார் என்றால் எனக்கு எழுதக் காத்திருக்க வேண்டாம், நாளைக்குக் காலையிலேயே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.